ஏழாம் நம்பர் வெங்காயப் பை

புதன்கிழமை, காலை 11.35.

சாந்தினியின் தலை இடப்பக்கம் உள்ளே போயிருந்தது. இன்ஸ்பெக்டர் குமுதா பதினான்கு வருட வேலையில் வெட்டு பார்த்திருக்கிறாள், குத்து பார்த்திருக்கிறாள், லாரிக்கு அடியில் போன ஆளையும் பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஓடைக்கரைப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் ஓரடி பின்னால் வைத்தாள். காலையில் தின்ற ரொட்டி சானாயை நினைக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டாள்.

இடம், காம்பார் ஊருக்கு அப்பால் ஒரு பழைய கித்தா, அதாவது ரப்பர், தோட்டம். பால்மரங்களை வெட்டி, எண்ணெய் தரும் செம்பனை நட்டு முப்பது வருடமாகிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடையை ஒட்டி மட்டும் கொஞ்சம் காடு தப்பிப் பிழைத்திருந்தது. அந்த ஓடையையும் நடுவில் ஒரு தார்ச்சாலை வெட்டியிருந்தது. சாலைக்கு அடியில் சிமெண்டுக் குழாய். அதன் வாயிலிருந்து இடுப்புயரத்துக்குத் தண்ணீர் கொட்டும். சாலைக்கு மேலே இருப்பது மேல் ஓடை, கீழே இருப்பது கீழ் ஓடை. குழாய்க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு முனீஸ்வரர் கோயில்.

சாந்தினி கிடந்தது மேல் ஓடைக் கரையில். வயது இருபத்தெட்டு. கோலாலம்பூரிலிருந்து நீர்ப்பூச்சிகளை ஆராய வந்தவள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சன்னாசி. அறுபத்தேழு வயது, முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி. மார்பிலிருந்து முழங்கால்வரை ரத்தம். இடுப்பில் பராங் கத்தி.

போலீசுக்குப் போன் செய்தவன் செம்பனைக் கம்பெனியின் மேற்பார்வையாளன் தனேஸ்வரன். குமுதா கேட்காமலே, மேடம் என்பதற்கு மலாயில் புவான் போட்டுக் கொட்டினான்.

"பத்தே முக்காலுக்கு வந்தேன் புவான். இவருதான் அந்தப் பொண்ண மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. முந்தாநாளு சாயங்காலம் எல்லாரு முன்னுக்கும் கத்துனாரு, கொழாய ஒடைச்சா கைய வெட்டிடுவேன்னு."

"கொழாய எதுக்கு ஒடைக்கணும்?"

"பூச்சி மேல போவ வழி வேணுமாம்லா. அந்தப் பொண்ணு அப்படித்தான் ரிப்போர்ட் எழுதப் போவுது. கொழாய ஒடைச்சா கோயிலயும் தூக்கணும். எங்க ரோட்டயும் தோண்டணும்."

"அப்ப ஒங்களுக்கும் கோபந்தான்."

தனேஸ்வரன் சட்டைப் பையில் சிகரெட்டைத் தேடினான்.

குமுதா சன்னாசியின் பக்கம் திரும்பினாள். "நீங்களா அடிச்சீங்க?"

அவர் பேசவில்லை. கையை நீட்டி ஓடையைக் காட்டினார்.

"எதால அடிச்சீங்க? தண்ணியில போட்டீங்களா?"

மறுபடியும் ஓடையைக் காட்டினார். மூன்றாவது தடவையும் அதேதான். வெயில், ஈ, ரத்த வாடை, வாய் திறக்காத ஓர் ஆள். குமுதா ஓங்கி அறைந்தாள். மறைத்துச் சொல்வதில் பயனில்லை. முழங்கை வலிக்கும்படி அறைந்தாள். சன்னாசி பக்கவாட்டில் சரிந்தார். ஒரு பல் செம்மண்ணில் விழுந்தது. அப்போதும் அவர் பேசவில்லை.

ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்துப் பார்க்க அங்கே இருந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லாக்கப்பில் கயிறு, பெல்ட் எதுவும் ஆகாது என்பதால் கார்ப்பரல் ஷாஹித் அவர் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பிளேடால் அறுத்தார். அப்போதுதான் சன்னாசியின் கண்ணில் தண்ணீர் வந்தது. செய்த பாவம் உறுத்துகிறது என்று குமுதா நினைத்துக்கொண்டாள்.

பிற்பகல் 1.10.

ஆய்வுக் குழுவின் மூத்தவன் சுகுமாரன் வந்து சேர்ந்தான். காலை முழுக்க ஈப்போவில் அறையிலேயே எழுதிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். சாந்தினியின் உடலைப் பார்த்து முழங்காலிட்டு அழுதான். அழுது முடித்தபின், கேட்டதற்கெல்லாம் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னான். சிலருக்குத் தங்கள் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் துக்கமும் வழிவிட்டு நிற்கும்.

"அந்தப் பைங்க என்னது?" குமுதா மேல் ஓடையில் வரிசையாகக் கிடந்த வெங்காய வலைப் பைகளைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி கல். கழுத்தில் எண் அட்டை.

"பன்னெண்டு பை, மேடம். கல்ல பிரஷ் போட்டுத் தேச்சிக் காயவச்சி, பைல கட்டி ஓடையில போடுவோம். புதுசா ஒரு குடியிருப்பு, தாமான் கட்டுனா யாரு குடி வர்றாங்கன்னு பாக்குற மாதிரி. இருபத்தோரு நாள் கழிச்சி எடுத்தா எந்தப் பூச்சி வந்துச்சின்னு தெரியும். நாளைக்குத்தான் எடுக்கணும்."

"நடுவுல யாராச்சும் தொட்டா?"

"தொடவே கூடாது. நான் மேல் ஓடைக்கு வந்தே மூணு வாரம் ஆச்சு."

"இந்தக் கொழாய் சண்டை?"

சுகுமாரன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கீழ் ஓடையில ஒரு புழு இருக்கு. மணல எச்சில் நூலால ஒட்டி, கொழாய் மாதிரி வீடு கட்டி, அத இழுத்துக்கிட்டே திரியும். சாந்தினி என்ன சொன்னா, நடுவுல ரோடு வந்துட்டதால அது மேல வரவே முடியாதுன்னு. என் ஆய்வு அது வரும்னு சொல்லுது. புழுவா இருக்கும்போது முடியாது, தண்ணி கொட்டுற எடத்த ஏறாது. ஆனா வளந்து றெக்க மொளச்சதும் வீட்டக் கழட்டிப் போட்டுட்டுப் பறந்துடும். ரோட்டத் தாண்டி மேல வந்து முட்ட போடும். போன ரெண்டு தடவையும் இந்த மேல் பைங்கள்ல அந்தப் புழு கெடச்சிச்சி. அடுத்த மாசம் என் ஆய்வேட்ட குடுக்கப் போறேன்."

"அப்ப கொழாய ஒடைக்க வேணாம்."

"வேணாம். சாந்தினி பிடிவாதம் புடிச்சா. பாவம்."

குமுதா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். குழாய் இருக்கவேண்டும் என்று சன்னாசிக்கு ஆசை. தனேஸ்வரனுக்கும் ஆசை. சுகுமாரனுக்குக் கவலையில்லை, அவன் ஆய்வு ஏற்கெனவே ஜெயித்துவிட்டது. உடம்பில் ரத்தத்தோடு பிடிபட்டவர் ஒருவர்தான். கணக்கு சுலபமாக முடிந்தது போலிருந்தது.

வியாழக்கிழமை, காலை 8.10.

நிலையத்தின் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சன்னாசியின் மனைவி முத்தம்மா. அழவில்லை, கெஞ்சவில்லை. குமுதாவைக் கண்டதும் எழுந்து நின்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் பேசுனாரா?"

"வாயே தொறக்கல. பேசாட்டி நல்லதில்லன்னு நீங்கதான் சொல்லணும்."

"அவரு பேசமாட்டாரும்மா. செவ்வாக்கெழம ராத்திரி காப்பு கட்டியாச்சு. ஞாயித்துக்கெழம திருவிழா. காப்பு கட்டுனா திருவிழா முடியறவரைக்கும் ஒரு வார்த்த பேசமாட்டாரு. பதினோரு வருசமா அப்படித்தான்."

குமுதாவின் உள்ளங்கை அரித்தது. நேற்று அறைந்த கை.

"காப்புன்னா… மஞ்சக் கயிறா?"

"ஆமா. அது கைல இருக்கறப்ப தீட்டு ஆவாது. சொந்தத் தங்கச்சி செத்தப்பகூட வாசலோட நின்னுட்டாரு, உள்ள போவல. அவரு எப்படிம்மா பொணத்தத் தொட்டாரு? எனக்கு அதுதான் புரியல."

குமுதாவுக்கும் புரியவில்லை. ஈப்போ தாமானில் வளர்ந்தவள்; காப்புக் கயிறு தெரியும், தைப்பூசத்துக்குத் தம்பி கட்டியிருக்கிறான். வாயைக் கட்டிக்கொள்ளும் வேண்டுதல் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தங்கை சாவுக்கே படியேறாத மனிதர், முன்பின் பழகாத பெண்ணை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். கொன்றவன் அப்படிச் செய்வானா? கொன்றவன் ஓடியிருப்பான். லாக்கப்பில் காகிதமும் பேனாவும் நீட்டிப் பார்த்தாள்; சன்னாசி தொடவில்லை.

காப்பைப் பற்றிச் சொல்ல மேலதிகாரியான பெரியவரிடம் போனாள். அவர் நிமிரவில்லை. "பன்னெண்டு மணிக்கு மாஜிஸ்திரேட்கிட்ட வேன் கெளம்புது. ஏழு நாள் காவல் வாங்கறோம். ஏழு நாள்ல எல்லாரும் பேசுவாங்க."

எப்படிப் பேச வைப்பார்கள் என்பது குமுதாவுக்குத் தெரியும். அவர்மேல் விழுந்த முதல் அறையே அவளுடையதுதானே. சன்னாசி சர்க்கரை வியாதிக்காரர், அறுபத்தேழு வயது, ஏழு நாள். அவர் உயிரோடு வெளியே வருவார் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். கையில் இருந்தது நாலு மணி நேரத்துக்கும் குறைவு.

காலை 8.40.

மேசையில் சாந்தினியின் தோள்பையைக் கொட்டினாள். குறிப்பேடு, குடை, பிஸ்கட், ஒரு சிவப்பு நகப்பூச்சு புட்டி. பாதி காலி.

"ஷாஹித், அந்தப் பொண்ணு நகத்துல சாயம் இருந்துச்சா?"

ஷாஹித் புகைப்படங்களைப் புரட்டினார். "கையில இல்ல புவான். காலுலயும் இல்ல."

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்கள். ஒரு வரி: 'இருபத்தொரு நாளில் இவ்வளவு பெரிய புழுவா?' அதற்குக் கீழே: 'திங்கள். கீழ் ஓடை. 40. சிவப்பு. சு.விடம் சொல்லவில்லை.'

டாக்டரின் அறிக்கையும் வந்திருந்தது. இறந்தது காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில். வெட்டுக் காயம் கிடையாது. கனமான எதையோ கொண்டு நாலைந்து அடி. கன்னத்திலும் நெற்றியிலும் வலை போட்டாற்போல் தடம், ஒவ்வொரு கண்ணியும் சுண்டுவிரல் நக அகலம். கரையில் கற்களைக் கட்டிவைத்திருந்த கம்பி வலை பட்ட தடம் என்று நேற்று எழுதியிருந்தார்கள். எழுதியது குமுதாவேதான். படத்தை மறுபடியும் பார்த்தாள். அந்தக் கம்பி வலையின் ஒரு கண்ணிக்குள் முழு உள்ளங்கையே போகும்.

காலை 9.25.

தோட்டத்து முச்சந்தியில் ஜைனுலாப்தீனின் சாப்பாட்டுக் கடை. குமுதா பாலில்லாத டீ, தே ஓ கேட்டாள். குடிக்கவில்லை.

"வெங்காயப் பை நீங்கதான் குடுத்தீங்களா, பாய்?"

"குடுக்கறதென்ன. மூட்ட காலியானா ராஃபியா பிளாஸ்டிக் கயிறு போட்டு அந்தக் கொக்கில தொங்கவிட்டுடுவேன். வேணுங்கறவங்க எடுத்துக்குவாங்க, நான் பாக்கறதில்ல. அந்தச் சாந்தினி புள்ள வரும், அந்தத் தம்பி வருவாரு, கம்பெனிக்காரன்கூட மீனு புடிக்க எடுத்துட்டுப் போவான்." ஜைனுலாப்தீன் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். "திங்கக்கெழம வந்துச்சும்மா. வெரலு நுனியெல்லாம் செவப்பு. நகத்துக்குப் போடாம வெரலுக்குப் போட்டிருக்கியேன்னு கிண்டல் பண்ணேன். சிரிச்சிச்சி."

குமுதா கொக்கியைப் பார்த்தாள். தொங்கிய பைகளில் பச்சை ராஃபியா.

"எப்பவும் பச்சைதானா?"

"இல்லலா. எப்பவும் ரோஸ்தான். அந்த ரோல் முடிஞ்சி போச்சி. நேத்து காலைல ஒம்பது மணிக்குத்தான் பச்ச ரோலப் பிரிச்சேன்."

காலை 10.05.

குமுதாவுக்கு ரத்தம் உறிஞ்சும் அட்டை என்றால் உயிர் போகும். தண்ணீரில் இறங்குவதற்குச் சாக்கு சொல்லியே பாதி வேலைக்காலத்தை ஓட்டியவள். அன்று சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினாள். வெள்ளைத் தட்டோடு ஷாஹித் கரையில் நின்றார்.

ஒன்று. வெளிறிய ரோஸ் கயிறு, கல்லில் வழவழப்பு. இரண்டு, மூன்று, அதேபோல. ஆறு. ரோஸ்.

ஏழு. பச்சை.

பையைத் தட்டில் கொட்டினாள். கல்லில் வழவழப்பு இருந்தது. புழுக்களும் இருந்தன, மணல் வீட்டை இழுத்துக்கொண்டு. அவள் குனிந்து, மூக்கு தட்டில் படுமளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஒரு வீட்டின் முதுகில் கடுகளவு சிவப்புப் பொட்டு. இன்னொன்றிலும். நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

"செவப்புப் பொட்டு வச்சது ஒம்போது இருக்கு புவான்," என்றார் ஷாஹித், எண்ணி முடித்து.

"இன்னும் முப்பத்தொண்ணு கீழ் ஓடையில இருக்கும்," என்றாள் குமுதா. "தனேஸ்வரனையும் சுகுமாரனையும் கூப்பிடுங்க. சுகுமாரன் கார் சாவிய வாங்கி டிக்கியப் பாத்துட்டு வாங்க. ஆய்வுச் சாமான எழுதணும்னு சொல்லுங்க."

காலை 11.00.

தனேஸ்வரன் சிகரெட்டோடு வந்தான். சுகுமாரன் புதிய சட்டையில் வந்தான். ஏழாம் பை மறுபடியும் கட்டி, பாறைமேல் வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தட்டில் சில புழுக்கள்.

"சுகுமாரன், இது ஒங்க புழுதான?"

அவன் எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தே போயிற்று. "ஆமா மேடம்! பாத்தீங்களா? மறுபடியும் மேல வந்திருக்கு. நான் சொன்னேன்ல."

"பறந்து வந்துச்சா?"

"தாய்ப்பூச்சி பறந்து வந்து முட்ட போட்டுச்சி. இது அந்தக் குஞ்சு."

"பறக்கும்போது வீட்ட என்ன செய்யும்?"

"சொன்னேனே, கழட்டிப் போட்டுடும்."

"அப்ப இந்த வீடு எப்படி ரோட்டத் தாண்டுச்சி?" குமுதா ஒரு புழுவை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "செவப்புப் பொட்டு தெரியுதா? திங்கக்கெழம சாந்தினி கீழ் ஓடையில ஒக்காந்து நாப்பது வீட்டுக்கு நகப்பூச்சு வச்சா. புழுவால ஏற முடியாது. பூச்சியால வீட்டத் தூக்கிட்டுப் பறக்க முடியாது. வாளியாலதான் முடியும்."

சிகரெட் தனேஸ்வரனின் விரலைச் சுட்டது. உதறினான்.

"மூணு வாரத்துக் குஞ்சு இவ்ளோ பெருசா இருக்காதுன்னு அவளுக்குச் சந்தேகம். ஒவ்வொரு தடவையும் பையை எடுக்கறதுக்கு மொத நாளு நீங்க கீழேருந்து கல்லோட புழுவத் தூக்கிட்டு வந்து போடுவீங்க. நேத்துக் காலைல வாளியோட வந்தீங்க. அவ கரையில நின்னா."

"இதுல எதுவும் நான் கொன்னதுக்குச் சாட்சி இல்ல," என்றான் சுகுமாரன். குரல் நிதானமாகவே இருந்தது. "அவளேகூட கொண்டாந்து போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம். பையில பச்சக் கயிறு இல்லாம இருந்தா. அந்தக் கயித்த ஜைனுலாப்தீன் பாய் பிரிச்சதே நேத்து ஒம்பது மணிக்கு. சாந்தினி எட்டரைக்குள்ள செத்துட்டா. பழைய ஏழாம் பைய எடுத்துச் சுழட்டி அடிச்சீங்க. அந்த வலதான் அவ மொகத்துல பதிஞ்சிருக்கு. பை கிழிஞ்சி, கல்லெல்லாம் தண்ணியில போச்சி. ஒரு பை கொறஞ்சா எதால அடிச்சதுன்னு தெரிஞ்சிடும். கடைக்கு ஓடிப் போய் ஒரு பைய எடுத்துட்டு வந்தீங்க. வேற எவனா இருந்தாலும் காலடியில கெடக்கற கல்ல அள்ளிப் போட்டிருப்பான். நீங்க வாளியில இருந்தத போட்டீங்க. கொலை செஞ்ச பொறவும் ஒங்களுக்கு ஆய்வு ஜெயிக்கணும்."

சாலைப் பக்கமிருந்து ஷாஹித்தின் குரல் கேட்டது. "புவான்! ஸ்பேர் டயருக்கு அடியில கிழிஞ்ச பை! தலமுடி ஒட்டியிருக்கு!"

சுகுமாரன் ஓடவில்லை. பாறைமேலிருந்த பையைப் பிடுங்கிச் சுழற்றினான். குமுதா தலையைக் காக்கக் கையை உயர்த்தினாள். இடது முன்கை எலும்பு முறிந்த ஓசை அவள் காதிலேயே கேட்டது. தண்ணீரில் மல்லாந்து விழுந்தாள். அவன் மேலே வந்து நின்று மறுபடியும் ஓங்கினான்.

"நாலு வருசம்!" என்று கத்தினான். "நாலு வருசம் இந்த அட்டைக்கடியில ஒக்காந்தேன்! ஒரு புழு, ஒரே ஒரு புழு தானா ஏறி வரலே! அவகிட்ட கெஞ்சினேன், வாய மூடிக்கோன்னு!"

குமுதா கிடந்தபடியே அவன் முழங்காலை உதைத்தாள். அவன் பாறையில் முகம் அடிபட விழுந்தான். அதற்குள் ஷாஹித் வந்து அவன் முதுகில் ஏறி, கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினார். ஒரு தடவை, இரண்டு தடவை. குமிழி வந்தது. மூன்றாவது தடவை அழுத்தியவர் விடுவதாக இல்லை.

"போதும் ஷாஹித்," என்றாள் குமுதா. "விடுங்க. உயிரோட வேணும்."

பகல் 11.52.

வேன் கிளம்ப எட்டு நிமிடம் இருந்தது. சன்னாசியை விலங்கோடு வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். குமுதா நனைந்த உடுப்போடு, தொங்கிய கையோடு ஜீப்பிலிருந்து இறங்கினாள். பெரியவரிடம் இரண்டே வாக்கியம் சொன்னாள். பிறகு ஒற்றைக் கையால் விலங்கைத் திறக்க முயன்று முடியாமல், ஷாஹித்தைத் திறக்கச் சொன்னாள்.

சன்னாசியின் இடக்கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது. முத்தம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கயிறு இருந்த இடத்தில்.

"ஐயா," என்றாள் குமுதா. "நான்தான் ஒங்கள அடிச்சேன். தப்பு என்னோடது. நீங்க புகார் குடுங்க, நானே எழுதித் தாரேன்."

அவர் அவளுடைய உடைந்த கையைப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். காப்பு கட்டுனவங்க பொணத்தத் தொடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. அந்தப் பொண்ணு செத்துப் போச்சின்னு பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். பொறவு ஏன் தூக்கினீங்க?"

முத்தம்மா அவரைப் பார்த்தாள். சன்னாசி வெறும் மணிக்கட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். அறுந்தது அறுந்துவிட்டது. பல் போன வாய் மெல்லத் திறந்தது.

"தண்ணிக்குள்ள மொகத்த வச்சிக் கெடந்துச்சும்மா," என்றார். "மூச்சு முட்டும்லா."